யூசர் சொன்னால் டெவலப்பர் கேட்பாரா? ஓப்பன் சோர்ஸ் வழு (பக்) புகார்கள் பற்றி ஓர் இழை

கோடிவீடு | 3 ஜூலை 2025, காலை 9:12

ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் மென்பொருள் எழுதுகிற டெவலப்பர்கள் யூசர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ஒரு பிடிஎஃப் ரீடரில் தமிழ் உடைகிறது என்று ஏப்ரலில் எழுதிப் போட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இப்போது போய்ப் பார்த்தால் ஏதோ ஒரு பாட் (தானாக ஓடும் நிரல்) வந்து "நடமாட்டம் இல்லை" என்று மூடிவிட்டுப் போயிருக்கிறது. இதற்குக் காசு கொடுத்து வாங்குகிற மென்பொருளே தேவலை. மறுப்பவர்கள் வரலாம்.

நூல்கண்டு | 3 ஜூலை, பகல் 1:40

மூடியது ஆள் இல்லை, ஸ்டேல் பாட், அதாவது அசையாமல் கிடக்கும் புகார்களை மூடும் பாட். திட்டங்கள் நிரலையும் புகார்களையும் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் இதற்கென உள்ள ஆக்‌ஷனில் எதையும் மாற்றாவிட்டால் கணக்கு இதுதான்: 60 நாள் யாரும் எதுவும் எழுதாவிட்டால் "பழையது" என்று முத்திரை, அதன்பின் 7 நாள் சும்மா இருந்தால் மூடல். அந்த 7 நாளுக்குள் ஒரு வரி எழுதினாலே முத்திரை கழன்றுவிடும். அந்த எச்சரிக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு வந்திருக்கும், ஸ்பேமில் தேடுங்கள்.

பாட் வைப்பது எனக்கும் பிடிக்காது. வழு தானாகச் சரியாகிவிடுவதில்லை, பட்டியல்தான் குட்டையாகிறது. ஆனால் பாட் மூடியதை வைத்து "கேட்கவில்லை" என்று முடிவு கட்ட முடியாது. அதில் யாரும் எதுவும் எழுதவில்லை என்பது மட்டும்தான் தெரிகிறது. இரண்டும் வேறு. என்ன எழுதினீர்கள், அப்படியே இங்கே போடுங்கள்.

கோடிவீடு | 4 ஜூலை, காலை 8:05

தலைப்பு: "தமிழ் வேலை செய்யவில்லை". உள்ளே: "தமிழ் பிடிஎஃப்பில் காப்பி எடுத்தால் எழுத்து உடைகிறது, தேடினால் கிடைப்பதில்லை. எல்லாக் கோப்பிலும் இப்படித்தான். பல வருடப் பிரச்சினை, உடனே சரிசெய்யவும்." இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

நூல்கண்டு | 4 ஜூலை, இரவு 10:20

மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பாருங்கள். படிப்பவருக்குத் தமிழ் தெரியாது. "உடைகிறது" என்றால் கட்டமாகத் தெரிகிறதா, கொம்பு இடம் மாறுகிறதா, ஆங்கில எழுத்தாக வருகிறதா? மூன்றுக்கும் மூன்று காரணம். கோப்பு இணைக்கவில்லை. பதிப்பு எண் இல்லை. "எல்லாக் கோப்பிலும்" என்பதைச் சோதிக்க அவரிடம் ஒரு தமிழ்க் கோப்பும் இருக்காது. ஆக, அந்தப் புகாரை வைத்துக்கொண்டு அவர் செய்யக்கூடிய அடுத்த காரியம் என்று ஒன்றுமே இல்லை. அடுத்த காரியம் இல்லாத புகார் பட்டியலில் கீழே போய்க்கொண்டே இருக்கும். கோபம், அலட்சியம் எதுவும் இதில் கிடையாது.

பெரிய திட்டங்களில் இதற்கென்றே ஒரு படிக்கட்டு உண்டு. லிப்ரெஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் புகார்ப் பதிவேடான பக்ஸில்லாவில் புதுப் புகார் "உறுதிப்படாதது" என்ற நிலையில்தான் நுழையும். புகார் கொடுத்தவர் அல்லாத இன்னொருவர் தன் கணினியில் அதே கோளாறை வரவழைத்துக் காட்டினால்தான் "புதியது" ஆகும். ஏதாவது குறைந்தால் "தகவல் தேவை" நிலைக்குத் தள்ளுவார்கள். அங்கே 6 மாதம் அசைவில்லாமல் கிடந்தால் நினைவூட்டல் வரும்; இன்னும் ஒரு மாதம் போனால் "போதிய தகவல் இல்லை" என்று மூடப்படும். இந்தச் சோதனை வேலையில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் நிரல் எழுதுகிறவர்கள் அல்ல, தன்னார்வலர்கள். நிரல் எழுதத் தெரியாதவர்கள் உதவ முதல் இடமே அதுதான்.

அவர்கள் கேட்கும் பொருட்கள் பெரிதாக ஒன்றுமில்லை. உதவி மெனுவில் "லிப்ரெஆபிஸ் பற்றி" பெட்டியைத் திறந்தால் பதிப்பு, பில்ட் எண், இயங்குதளம், மொழியமைப்பு எல்லாம் ஒரே பொத்தானில் காப்பியாகும். அதை அப்படியே ஒட்டுங்கள். "லேட்டஸ்ட் வெர்ஷன்" என்று மட்டும் எழுதாதீர்கள், நாளைக்கே அது பொய்யாகிவிடும். அடுத்து, அதே மெனுவில் உள்ள பாதுகாப்பு முறையில் மறுதொடக்கம் செய்து பாருங்கள். கோளாறு மறைந்தால் உங்கள் அமைப்புக் கோப்போ நீட்சியோதான் காரணம். ஃபயர்பாக்ஸிலும் இதுபோலச் சிக்கல் தீர்க்கும் முறை உண்டு. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் ஃபைல் மெனு வழியாகத் தொழிற்சாலை அமைப்பை ஏற்றிப் பார்க்கச் சொல்வார்கள்.

பிறகு கோப்பைச் சுருக்குவது. 40 பக்க ஆவணத்தை அப்படியே போட்டால் யாரும் தொடமாட்டார்கள். பாதியை அழியுங்கள். கோளாறு இருக்கிறதா? மீதியில் பாதியை அழியுங்கள். ஐந்தாறு தடவையில் ஒரு பத்திக்கு வந்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: டிராக்கரில் (புகார்ப் பதிவேட்டில்) இணைக்கும் கோப்பு உலகத்துக்கே தெரியும். சம்பளச் சீட்டு, ஆதார் எண் இருக்கும் கோப்பைப் போட்டுவிட்டு அப்புறம் அழிக்கச் சொல்லாதீர்கள். எழுத்துகளை மாற்றிவிட்டு, மாற்றிய பின்னும் கோளாறு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சுக்குமிட்டாய் | 6 ஜூலை, மாலை 6:31

இவ்வளவு எதற்கு? அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நாலு பேரைக் கூட்டிவந்து ஆளுக்கு ஒரு "எனக்கும்தான்" போட வைத்தால் தானாக எழுந்து வருவார்கள்.

நூல்கண்டு | 6 ஜூலை, இரவு 9:02

அந்த அடி அம்மி மேல் விழுவதில்லை. ஒவ்வொரு "எனக்கும்தான்" பின்னூட்டமும் அந்தப் புகாரைப் பின்தொடரும் அத்தனை பேருக்கும் ஒரு மின்னஞ்சல். ஐம்பது மின்னஞ்சல் வந்தபின் பராமரிப்பாளர் செய்யும் முதல் காரியம், அந்த இழையை மியூட் செய்வது. அதன்பின் 51வதாக ஒருவர் உருப்படியான தகவல் எழுதினாலும் அவர் கண்ணில் படாது.

இதில் ஒரு வேடிக்கை. இந்தத் தொல்லை தாங்காமல் 2016 ஜனவரியில் ஓப்பன் சோர்ஸ் பராமரிப்பாளர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து கிட்ஹப்புக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். "+1" பின்னூட்டங்களால் மூச்சு முட்டுகிறது, ஓட்டுப் போட வேறு வழி கொடுங்கள், புகாரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நாங்கள் வரையறுக்க வசதி கொடுங்கள், நாங்கள் சொல்வதை நீங்கள் கேட்பதே இல்லை. ஆம், கடைசி வரி உட்பட. கிட்ஹப் மூடிய மூல மென்பொருள், அங்கே இவர்கள்தான் யூசர்! பிப்ரவரியில் புகார் வார்ப்புருவும் மார்ச்சில் கட்டைவிரல் குறியும் வந்தன. ஆகவே உங்கள் நாலு பேரையும் கட்டைவிரலை அழுத்தச் சொல்லுங்கள், அது யாருக்கும் மின்னஞ்சல் அனுப்பாது. எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தியும் பார்க்க முடியும்.

நூல்கண்டு | 9 ஜூலை, இரவு 11:15

கோடிவீட்டின் மூலக் கேள்விக்கு வருகிறேன். பதில் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் புகாரின் வகையைப் பொறுத்தது. நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்பது ஒரு வகை. எப்போதுமே ஓடியதில்லை என்பது இன்னொரு வகை. ஓடுகிறது, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே குரலில் எழுதுவதால்தான் பாதிச் சண்டை.

முதல் வகைக்குத்தான் மதிப்பு அதிகம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் இது சட்டம் மாதிரி. புதிய கெர்னலால் பழைய நிரல் ஒன்று நின்றுபோனால் குற்றம் கெர்னலுடையது. "நிரல்தான் தப்பாக எழுதப்பட்டிருக்கிறது" என்ற சாக்கு செல்லாது. 2012 டிசம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதை ஒரு மூத்த பராமரிப்பாளருக்கே பெரிய எழுத்தில் கத்திச் சொன்ன மடல் பிரசித்தம். (கத்திய விதம் பற்றி வேறு இழையில் அடித்துக்கொள்ளலாம். 2018-ல் அவரே மன்னிப்புக் கேட்டு விடுப்பில் போனார்.) இப்படி ஓடிக்கொண்டிருந்தது கெடும் பின்னடைவுகளைக் கண்காணிக்க ரெக்ஸ்பாட் என்று ஒரு பாட் இருக்கிறது. மடலில் எந்தப் பதிப்புக்கும் எந்தப் பதிப்புக்கும் இடையில் கெட்டது என்று ஒரு வரி அதன் இலக்கணப்படி எழுதினால் போதும், தீரும்வரை பட்டியலில் நிற்கும். அங்கே பாட் யூசர் பக்கம்.

அந்த "இடையில்" என்பதைக் கண்டுபிடிக்க, நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் பைசெக்ட் கட்டளை. நல்ல பதிப்பு ஒன்று, கெட்ட பதிப்பு ஒன்று சொன்னால் நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுக்கும். அதைக் கட்டி (மூல நிரலை ஓடும் நிரலாக்கி), பூட் செய்து, நல்லதா கெட்டதா என்று சொன்னால் மீதியில் பாதியைத் தள்ளும். அடுத்தடுத்த இரண்டு கெர்னல் பதிப்புகளுக்கு நடுவே ஏறக்குறைய 15,000 மாற்றங்கள் இருக்கும். பயப்பட வேண்டாம், 14 சுற்றில் ஒற்றை மாற்றத்தில் வந்து நிற்கும். இதில் சறுக்கும் இடங்கள்: எல்லா மாட்யூலையும் (கெர்னலோடு சேரும் துண்டுகள்) சேர்த்துக் கட்டினால் ஒரு சுற்றுக்கே மணிக்கணக்கு, அதனால் ஏற்கெனவே ஏற்றப்பட்டுள்ள மாட்யூல்களை மட்டும் வைத்து அமைப்புக் கோப்பை முதலில் சுருக்குங்கள். நடுவில் கட்டவே முடியாத பதிப்பு வந்தால் "கெட்டது" என்று சொல்லாதீர்கள், "தவிர்" என்று சொல்லுங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறு என்றால் ஒரே பூட்டில் "நல்லது" என்று தீர்ப்புச் சொல்லாமல் நாலைந்து தடவை பாருங்கள். ஒரு சுற்றில் தப்பான பதில் சொன்னால் மீதி அத்தனையும் தப்பான திசையில் போய், சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் தலையில் பழி விழும்.

கட்டத் தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. ஃபயர்பாக்ஸுக்கு மோஸ்ரிக்ரஷன்: தினமும் கட்டப்படும் நைட்லி பில்டுகளைத் தானே இறக்கித் திறந்து காட்டும், நீங்கள் நல்லது, கெட்டது மட்டும் தட்டினால் போதும். ஆறு மாத இடைவெளி என்றால் எட்டுச் சுற்று. லிப்ரெஆபிஸுக்கு பைபிசெக்ட், அதாவது முன்பே கட்டிவைத்த பில்டுகளின் கிட் களஞ்சியம். பல ஜிபி இறங்கும், வட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாற்றத்தால் கெட்டது என்று சுட்டிக்காட்டும் புகார் பொதுப் பட்டியலில் கிடப்பதில்லை. எழுதியவர் பெயரோடு நேராக அவர் வாசலுக்குப் போகிறது.

நூல்கண்டு | 10 ஜூலை, காலை 7:30

திருத்தம். கெர்னல் பற்றி எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன், அதனால் யாராவது ஏமாறக்கூடும். கெர்னலுக்கு பக்ஸில்லா இருக்கிறது, ஆனால் பல துணை அமைப்புகளின் பராமரிப்பாளர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பில் அந்த டிரைவருக்கு எந்த மடற்குழு என்று இருக்கும், அங்கே மடல் அனுப்ப வேண்டும். வெறும் உரையாக அனுப்புங்கள். எச்டிஎம்எல் மடலை அந்த மடற்குழு சர்வர் ஏற்காது, போன மடல் போன இடம் தெரியாது. என்விடியாவின் மூடிய டிரைவர் போன்ற வெளி மாட்யூல் ஏற்றியிருந்தால் கெர்னல் "கறைபட்டது" என்று பதிவில் காட்டும். அதை ஏற்றாமல் மறுபடி பூட் செய்து, கோளாறை வரவழைத்துக் காட்டச் சொல்வார்கள். அதை முன்கூட்டியே செய்துவிட்டு எழுதினால் ஒரு வாரப் போக்குவரத்து மிச்சம்.

நூல்கண்டு | 13 ஜூலை, மாலை 4:44

மூன்றாம் வகை: ஓடுகிறது, பிடிக்கவில்லை.

படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப் 2.8, 2012 மே. சேமி என்றால் ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் மட்டும், ஜேபெக்கோ பிஎன்ஜியோ வேண்டுமென்றால் ஏற்றுமதி என்று பிரித்தார்கள். லேயர்களோடு வேலை செய்பவர் தெரியாமல் ஜேபெக்கில் சேமித்து லேயர்களை இழப்பதைத் தடுப்பது நோக்கம். ஒரு படத்தைத் திறந்து ஓரம் வெட்டிவிட்டு மூடுகிறவர்களுக்கு இது தினசரி எரிச்சல். வசவு மழை. இறங்கி வரவில்லை. 2025 மார்ச்சில் வந்த 3.0-விலும் அதே ஏற்பாடுதான். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டார்கள், காரணம் சொன்னார்கள், மாட்டோம் என்றார்கள்.

பிளெண்டர் வேறு மாதிரி போனது. வலது கிளிக்கில் தேர்வு என்ற பழக்கம் புதிதாக வருகிறவர்களை விரட்டுகிறது என்று ஆண்டுக்கணக்கில் சண்டை. 2019 ஜூலையில் வந்த 2.80-ல் இடது கிளிக் இயல்பானது. பழைய ஆட்களுக்கு முதல் திறப்பிலேயே எது வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். ஆனால் இப்படி இரண்டு வழியையும் வைத்துக்கொள்வதன் செலவு வெளியே தெரியாது. ஒவ்வொரு கருவியையும் இரண்டு முறையிலும் சோதிக்க வேண்டும், ஆவணத்தில் இரண்டையும் சொல்ல வேண்டும். "ஒரு ஆப்ஷன் வைத்துவிட்டுப் போவதில் என்ன நஷ்டம்" என்று கேட்பவர்களுக்கு இது.

லினக்ஸ் மேசைத்தளமான க்னோம் 3, 2011 ஏப்ரல். பிடிக்காதவர்கள் பேசிக்கொண்டிருக்காமல் பிரிந்தே போனார்கள்: பழைய நிரலை வைத்து மாத்தே, லினக்ஸ் மின்ட்டிலிருந்து சின்னமன். 2013 மார்ச்சில் 3.8-ல் பழைய தோற்றத்தை நீட்சிகளாகக் கட்டி "கிளாசிக்" என்று க்னோமே கொடுத்தது. அடிப்படை வடிவமைப்பை விட்டுக்கொடுக்கவில்லை, ஓரத்தில் ஒரு திண்ணை மட்டும் கட்டிக்கொடுத்தார்கள்.

சுக்குமிட்டாய் | 14 ஜூலை, காலை 10:10

உபுண்டு லினக்ஸின் முதலாம் எண் வழு என்ன தெரியுமா? "மைக்ரோசாஃப்ட்டுக்குச் சந்தையில் பெரும்பங்கு இருக்கிறது." 2004-ல் உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த்தே போட்டது. 2013-ல் மூடினார். அவர் புகாரையே மூட ஒன்பது வருடம், கோடிவீடு மூன்று மாதத்துக்குக் குதிக்கிறார்.

நூல்கண்டு | 14 ஜூலை, பகல் 12:25

அதில் கோளாறை வரவழைக்கும் படிகள்கூட எழுதியிருந்தன: பக்கத்துக் கணினிக் கடைக்குப் போகவும். இலக்கணம் தவறாத புகார்.

அதே உபுண்டுவில் இன்னொன்று, "ஓப்பன்ஆபிஸ் செவ்வாய்க்கிழமைகளில் பிரின்ட் எடுப்பதில்லை". யாரும் சிரிப்பார்கள். உண்மை. அச்சுக்குப் போகும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பின் தலைப்பில் தேதி இருக்கும். கோப்பின் வகையைக் கண்டுபிடிக்கும் "ஃபைல்" என்ற கருவியின் விதிப்பட்டியலில், எர்லாங் மொழிக் கோப்பு ஒன்றை அடையாளம் காண ஒரு செவ்வாய்க்கிழமைத் தேதி முழுதாக எழுதப்பட்டிருந்தது. இடைவெளிகளை முறையாகக் குறிக்காததால் முதல் மூன்று எழுத்து, அதாவது செவ்வாயின் ஆங்கிலச் சுருக்கம் மட்டுமே விதியானது. செவ்வாயன்று உருவான கோப்பு "எர்லாங்" என்று முத்திரை குத்தப்பட்டு அச்சுக்குப் போகாமல் நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது கிழமை என்ற தகவல். யூசர் வெட்கப்பட்டு அதை விட்டிருந்தால் "சில சமயம் பிரின்ட் ஆவதில்லை" என்ற பத்தாயிரத்தில் ஒரு புகாராகிச் செத்திருக்கும். உங்கள் ஊகத்தை விடலாம், கண்டதை விடாதீர்கள், எவ்வளவு அபத்தமாக இருந்தாலும்.

நூல்கண்டு | 20 ஜூலை, இரவு 8:50

6-ஆம் தேதி சுக்குமிட்டாய்க்குச் சொன்ன பதிலை ஒரு வாரமாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். கூச்சலால் பயனில்லை என்கிற தொனியில் எழுதினேன். அது முழு உண்மை இல்லை. வழு விஷயத்தில் பயனில்லை. ஆனால் கொள்கை விஷயத்தில் கூச்சல்தான் வேலை செய்திருக்கிறது.

ஒலி திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டி, 2021 மே. மியூஸ் குரூப் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்த சில நாளிலேயே பயன்பாட்டுத் தகவல் சேகரிக்கும் நிரல் முன்மொழியப்பட்டது. விருப்பப்பட்டால் மட்டும் என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனால் தகவல் போய்ச் சேரும் இடம் கூகுள், யாண்டெக்ஸ். ஆயிரக்கணக்கில் கீழ்நோக்கிய கட்டைவிரல். இரண்டு வாரத்துக்குள் கைவிட்டார்கள். பிழை அறிக்கையும் புதுப்பிப்புச் சோதனையும் மட்டும், அதுவும் சொந்தச் சர்வரில் என்று சுருக்கினார்கள். அப்படியும் ஜூலையில் வந்த தனியுரிமைக் கொள்கை இன்னொரு சுற்றுக் கிளப்பியது, டெனாசிட்டி போன்ற கிளைகள் முளைத்தன.

கோ நிரல்மொழி, 2023 பிப்ரவரி. கருவித்தொகுப்பில் டெலிமெட்ரி (பயன்பாட்டுத் தகவல் சேகரிப்பு), வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம் என்று அப்போது அதன் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ரஸ் காக்ஸ் முன்வைத்தார். எதிர்ப்பு வந்தது. சில வாரத்தில் திட்டம் தலைகீழானது, வேண்டுபவர் மட்டும் இயக்கலாம் என்று. 2024 ஆகஸ்டில் வந்த 1.23-ல் எண்ணிக்கைகள் உங்கள் கணினியிலேயே கிடக்கும், நீங்கள் சொன்னால்தான் வெளியே போகும்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று: நிரல் வெளியாகும் முன்பே பொது இடத்தில் வைக்கப்பட்டது, தீர்மானம் இன்னும் ஈரமாக இருந்தது. எதிர்த்தவர்கள் கேட்டதும் ஒரே வரியில் அடங்கும். ஜிம்ப் விஷயத்தில் வசவு வந்தபோது பதிப்பு வெளியாகிவிட்டது. நேரம் முக்கியம். முன்மொழிவுப் பக்கங்களைப் படிப்பவர்கள் குறைவு என்பதால் அங்கே எழுதும் ஒரு பின்னூட்டத்துக்கு எடை அதிகம்.

சுக்குமிட்டாய் | 27 ஜூலை, மாலை 5:18

ஆக நெருக்கினால் நடக்கும்!

நூல்கண்டு | 27 ஜூலை, இரவு 9:40

எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தின் கதையை மறந்துவிட்டீர்களா? அதைப் பராமரித்தவர் லாஸே காலின், ஒற்றை ஆள், ஊதியமில்லாத வேலை. 2022-ல் மடற்குழுவில் சில பேர் வரிசையாக வந்தார்கள். பேட்ச் (திருத்த நிரல்) ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு என்று நெருக்கினார்கள். தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று அவர் பணிவாகப் பதில் எழுதினார். அந்த நேரத்தில் உதவிக்கரம் நீட்டிக்கொண்டிருந்த "ஜியா டான்" என்ற கணக்குக்குப் பொறுப்பு கைமாறியது. 2024-ல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் (கள்ள நுழைவு வழி) வைக்கப்பட்டது. நெருக்கிய பெயர்கள் வேறெங்கும் தென்பட்டதில்லை. நாடகத்துக்காக உருவாக்கிய கணக்குகள் என்றே பலரும் கருதுகிறார்கள்.

பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தள டெவலப்பர். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவுக்கு அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டப்போய், 2024 மார்ச் 29-ல் வெளியிட்டார். ஒரே நூலகத்துக்கு இரண்டு விதமான யூசர் பின்னூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஏன் இன்னும் முடிக்கவில்லை" என்றது ஒன்று. எத்தனை மில்லிநொடி என்று அளந்து சொன்னது இன்னொன்று.

நூல்கண்டு | 2 ஆகஸ்ட், காலை 6:55

தாமதம் பற்றி ஒரு உதாரணம், நீண்ட காத்திருப்புப் பிரியர்களுக்கு. க்னோம் பயன்படுத்தும் ஜிடிகே நிரலகத்தின் கோப்புத் தேர்வுப் பெட்டியில் படங்கள் சிறு உருவமாகத் தெரிய வேண்டும் என்ற கோரிக்கை 2004-ல் வந்தது. நிறைவேறியது க்னோம் 44-ல், 2023 மார்ச். இணையத்தில் இதைவிட அதிகம் கேலிக்குள்ளான வழு குறைவு. நடுவில் வெளியாட்கள் பேட்ச் எழுதிப் பார்த்ததும் உண்டு. பழைய பட்டியல் விட்ஜெட்டின் (திரை உறுப்பின்) மேல் ஒட்டுப்போட்டால் ஆயிரம் கோப்புள்ள அடைவைத் திறக்கும்போது தடுமாறும். ஜிடிகே 4-ல் பட்டியல், கட்டம் காட்டும் விட்ஜெட்டுகளை அடியிலிருந்து மாற்றி எழுதிய பின்தான் வழி லேசானது. பத்தொன்பது வருடமும் யாரும் படிக்காமல் இல்லை. படித்தவர்களில் அந்த அடித்தளத்தை மாற்ற நேரம் உள்ளவர் இல்லை.

இது நியாயமா என்றால், இல்லை. பேட்ச் எழுதியவருக்கு "இப்போது முடியாது, இன்னது மாறினால் முடியும்" என்று ஆரம்பத்திலேயே ஒரு வரி சொல்லியிருந்தால் பாதி கேலி குறைந்திருக்கும். கோடிவீட்டின் கோபத்தில் இந்த அளவு எனக்கும் உடன்பாடு.

கோடிவீடு | 10 ஆகஸ்ட், மாலை 7:07

சரி, இறங்கி வந்து சோதித்தேன். மூன்று கோப்பு எடுத்தேன். எவின்ஸில் திறந்தேன், ஆக்யுலரிலும் திறந்தேன். இரண்டிலும் ஒரே மாதிரிதான் உடைகிறது. ஆகவே கோப்பில்தான் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாமா?

நூல்கண்டு | 10 ஆகஸ்ட், இரவு 10:33

இரண்டு ரீடர் என்று நீங்கள் எண்ணியது ஒன்றுதான். எவின்ஸ், ஆக்யுலர் இரண்டுக்கும் அடியில் பிடிஎஃப்பைப் படிக்கும் எஞ்சின் பாப்ளர். (பாப்ளரே பழைய ரீடரான எக்ஸ்பிடிஎஃப் 3.0-விலிருந்து கிளைத்தது, அதனால் அதையும் தனிச் சாட்சியாக எண்ணாதீர்கள்.) உண்மையில் வேறு வேறு எஞ்சின் என்றால் பாப்ளர், ஃபயர்பாக்ஸின் பிடிஎஃப்.ஜேஎஸ், குரோமின் பிடிஎஃபியம், மியுபிடிஎஃப். நான்கில் ஒன்றில் மட்டும் கோளாறு என்றால் ரீடர்; நான்கிலும் ஒரே கோளாறு என்றால் கோப்பு மேல் சந்தேகம்.

நூல்கண்டு | 12 ஆகஸ்ட், இரவு 9:20

தமிழ் பிடிஎஃப் நோய்கள் முக்கியமாக மூன்று. உங்கள் மூன்று கோப்பையும் இதில் பொருத்திப் பாருங்கள்.

ஒன்று: "தமிழ்" என்று காப்பி எடுத்து ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்து வருகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துரு. கோப்புக்குள் இருப்பதே ஆங்கில எழுத்துதான், வரையப்படும் உருவம் மட்டும் தமிழ். பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் கருவியை ஓட்டினால் எழுத்துருப் பெயரே காட்டிக்கொடுக்கும். இதற்கு மாற்றி தேடுங்கள், எந்த ரீடரிடமும் புகார் செல்லாது.

இரண்டு: "கொடி" காப்பி எடுத்தால் கொம்பு முன்னால் போய் "ெகாடி" என்று வருகிறது. பிடிஎஃப் தாளில் வரையும் வரிசைப்படி எழுத்து வடிவங்களை வைக்கிறது. கொம்பு, க, கால். எழுத்துக்கு எண் தரும் பொது முறையான யூனிகோடிலோ க முதலில். உருவாக்கிய மென்பொருள், இந்தத் துண்டுக்கு உண்மையான உரை இதுதான் என்று தனியாக எழுதிவைக்க பிடிஎஃப் வரையறையில் இடமுண்டு. அது செய்யாமல் விட்டால் ரீடர் ஊகிக்க வேண்டியதுதான். புகார் போக வேண்டிய இடம் உருவாக்கிய மென்பொருள். கோப்பின் பண்புகள் பெட்டியில் "உருவாக்கி" என்ற வரியில் அதன் பெயர் இருக்கும். இன்னொரு சோதனை: பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் அட்டவணையில் யூனிகோட் வரைபடம் (எந்த வடிவம் எந்த எழுத்து என்ற பட்டியல்) உண்டா என்று ஒரு பத்தி இருக்கும். "இல்லை" என்றால் காப்பி ஒழுங்காக வராவிட்டால் ஆச்சரியமில்லை. அங்கே டெசராக்ட் போன்ற, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர்தான் கதி.

மூன்று: காப்பி சரியாக வருகிறது, கண்ணுக்கு "கொடி" என்றே தெரிகிறது, ஆனால் தேடினால் சிக்குவதில்லை. "கொ" இரண்டு விதமாக இருக்கலாம்: க-வோடு ஒற்றைக் குறியாக (பதின்ம எண் 3018), அல்லது க-வோடு கொம்பும் காலும் தனித்தனியாக (3014, 3006). யூனிகோட்படி இரண்டும் சமம். தேடும் மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு ஒப்பிட வேண்டும். செய்யாவிட்டால் அது ரீடரின் வழு, சந்தேகமில்லாமல். உள்ளே எது இருக்கிறது என்று பார்க்க, காப்பி எடுத்ததைப் பைத்தானில் ஒவ்வொரு குறியாக ஆர்ட் (ord) கட்டளைக்குக் கொடுங்கள், எண் வரும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாதது "ஸ்ரீ". ஸ வைத்து எழுதியதும் (3000) 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்து எழுதியதும் (2998) பார்வைக்கு ஒன்று, ஆனால் யூனிகோட்படி சமம் இல்லை. அதைத் தேடிக் கிடைக்கவில்லை என்று புகார் போட்டால் "வழு அல்ல" என்று மூடுவார்கள், சரியாகத்தான் மூடுவார்கள். அதேபோல "கௌ"-வுக்குக் கெ-யோடு ள சேர்த்துத் தட்டச்சு செய்த கோப்புகளும் ஏராளம். அது தட்டச்சு செய்தவர் கணக்கு.

கோடிவீடு | 19 ஆகஸ்ட், காலை 9:48

முதல் கோப்பு பாமினி. இரண்டாவதில் நாலு எஞ்சினிலும் கொம்பு முன்னால். மூன்றாவது, நீங்கள் சொன்ன அதே: 2965, 3014, 3006. நான் தட்டச்சு செய்து தேடுவது 2965, 3018. மற்ற ரீடரில் கிடைக்கிறது, நான் புகார் சொன்னதில் மட்டும் கிடைப்பதில்லை. டிஸ்ட்ரோ (என் லினக்ஸ் தொகுப்பு) தந்த பதிப்பு இரண்டு வருடப் பழசு என்பதால் புதிய பதிப்பை ஃபிளாட்பேக்கில் இறக்கிப் பார்த்தேன், அதிலும் அப்படியே.

நூல்கண்டு | 19 ஆகஸ்ட், பகல் 1:15

புதிய பதிப்பில் பார்த்தது நல்ல காரியம். பழைய பதிப்புக்கு வரும் புகார்களால் வெறுத்துப்போய், "இந்தப் பதிப்பு மிகப் பழசு" என்று நிரலே எச்சரிக்கை காட்டும்படி திரைக்காப்பு நிரலான எக்ஸ்ஸ்கிரீன்சேவரின் ஆசிரியர் வைத்து, 2016-ல் டெபியன் லினக்ஸ்காரர்களோடு அதற்கொரு சண்டை நடந்தது.

மூடிய பழைய புகாரைத் திறக்காதீர்கள். புதிதாக ஒன்று, மூன்றாவது கோப்புக்கு மட்டும். ஒரே ஒரு சொல் உள்ள ஒரு பக்கப் பிடிஎஃப் செய்து இணையுங்கள். தலைப்பில் "தமிழ்" முதலில் வரவேண்டாம். "தேடல், யூனிகோட் நார்மலைசேஷன் செய்வதில்லை" என்று தொடங்குங்கள் (இரண்டையும் ஒரே வடிவமாக்குவதன் பெயர் அது). உள்ளே: கோப்பில் உள்ள குறி எண்கள், தேடிய குறி எண்கள், கிடைக்க வேண்டியது ஒன்று, கிடைத்தது பூஜ்யம், பதிப்பு, கிடைக்கிற மற்ற எஞ்சின்களின் பெயர். அதன்கீழ் ஒரு வரி: பிரெஞ்சு மொழியில் மேலே சாய்கோடு போட்ட ரோமன் ஈ எழுத்தை (é) ஒற்றைக் குறியாகவும் இரட்டைக் குறியாகவும் வைத்துச் சோதித்தாலும் இதே கோளாறு வருகிறதா என்று. அதை நீங்களே ஒருமுறை சோதித்துவிட்டு எழுதுங்கள். வந்தால், தமிழ் தெரியாத டெவலப்பர் தன் விசைப்பலகையிலேயே வரவழைத்துப் பார்த்துவிடுவார்.

கோடிவீடு | 19 ஆகஸ்ட், இரவு 8:02

பிரெஞ்சிலும் வருகிறது. போட்டுவிட்டேன். ஸ்பேம் கோப்புறையையும் பார்த்தேன், பாட் ஜூனிலேயே எழுதியிருக்கிறது.